படகுக்கு ஒரு பங்கு

அத்தியாயம் 11

மெற்றில்டாவின் பரீட்சை அனுமதி அட்டை அவள் புருசன் றெனால்ட்டின் கையில் அகப்பட்டதோடு போன கிழமை நாங்கள் விட்டோம். முப்பத்தொன்பது வயதில் மனுசி மூன்றாம் முறையாகச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் எழுதப் போகிறாள். அதுவும் மகள் டினோஜா எழுதுகிற அதே வருசம், அதே நாள். றெனால்ட் கோபத்தில் துள்ளிக் குதிப்பான் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்ர பேரை வடிவா அடிச்சிருக்கிறாங்கள்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

இந்த வயதில் ஏன் இந்தப் பாடு என்று இன்றைக்குத்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்பீர்கள். மெற்றில்டா பொது நூலகம் ஒன்றில் ஒன்பது வருசமாகத் தற்காலிக உதவியாளர். எந்தப் புத்தகம் எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இந்த முறை நிரந்தரமாக்கப் போகிறார்கள். எல்லாத் தகுதியும் இருக்கிறது, கணிதத்தில் சித்தி, அதாவது பாஸ், ஒன்றைத் தவிர. இதிலும் தவறினால் அவளின் கதிரையில் வேறு ஆள் வந்து இருக்கும். மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

இன்றைக்குக் கணிதம். முதலாம் வினாப்பத்திரம்.

தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்தில் விடிந்தும் விடியாத நேரம். குசினி மேசையில் ஒரு பக்கம் புட்டும் சம்பலும், மற்றப் பக்கம் கொப்பியும் பென்சிலும். டினோஜா ஒரு கையால் பின்னலைப் பின்னிக்கொண்டு மறுகையால் கொப்பியைத் தாயின் பக்கம் தள்ளினாள்.

"கடைசிக் கணக்கு அம்மா. இதைச் செய்து போட்டுச் சாப்பிடுங்கோ."

விகிதக் கணக்கு. மூன்று பேர் எழுபத்திரண்டு கிலோ மீனை இரண்டுக்கு மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஆகக் கூடப் பெற்றவருக்கு எத்தனை கிலோ?

விகிதம் என்றாலே மெற்றில்டாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. மற்றக் கணக்குகள் இழுத்துப் பறித்து வந்துவிடும். இது மட்டும் வராது. வராது என்றால் வழி தெரியாமல் இல்லை. வழி தெரியும், எல்லாம் ஒழுங்காகச் செய்வாள், கடைசியில் விடை பிழைக்கும். எங்கே பிழைக்கிறது என்று இரண்டு வருசமாக ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. ரியூசன் சேர் சீவரத்தினமும், "உங்களுக்குக் கவனம் காணாது தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்.

"இருபத்தெட்டுத் தசம் எட்டு" என்றாள் மெற்றில்டா.

டினோஜா பின்னலை விட்டுவிட்டாள். "என்ர மாதாவே! முப்பத்திரண்டு அம்மா. எப்பிடி உங்களுக்குத் தசமம் வருது?"

"எனக்கென்ன தெரியும்? பிரிச்சன், வந்தது."

"எத்தினையால பிரிச்சனீங்கள்?"

"பத்தால."

"ரெண்டும் மூண்டும் நாலும் ஒன்பது."

"ஓம், ஒன்பது. பேந்து பத்து."

"பேந்து பத்தா?"

அந்த நேரம் பார்த்து றெனால்ட் கடலால் வந்தான். சாரம் நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது. கையில் கறிக்குக் கொஞ்சம் பாரைக்குட்டி. பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, மகளின் தோளுக்கு மேலால் கொப்பியை எட்டிப் பார்த்தான். ஏழாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன் அவன். ஆனாலும் கணக்கை வாசித்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"சரியாத்தானே செய்திருக்கிறாள்" என்றான்.

"அப்பா, நீங்களுமா?"

"இதில என்ன பிழை? மூண்டு பேருக்கும் ஒன்பது, படகுக்கு ஒண்டு, பத்து. படகுக்கு விடாமல் பங்கு பிரிக்கிற ஊர் எங்க கிடக்கு?"

டினோஜா தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "கணக்கில படகு எங்க இருந்து வந்தது?"

"படகில்லாமல் மீன் எங்க இருந்து வந்தது?" என்று கேட்டான் றெனால்ட்.

பிள்ளை கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். பிறகு எழும்பி ஓடிப்போய் பழைய கொப்பிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டினாள். நாற்பது டொபியை இரண்டு பிள்ளைகளுக்கு மூன்றுக்கு ஐந்தாகப் பிரிக்கச் சொன்ன கணக்கில் அம்மா ஒன்பதால் பிரித்திருந்தாள். காணியைப் பிரித்த கணக்கிலும் ஒன்று கூடிக் கிடந்தது. தாய்க்காரி இரண்டு வருசமாக ஒரே பிழையைத்தான் பிசகாமல் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

"அம்மா! டொபிக்கு என்ன படகு?"

மெற்றில்டாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஆறு வயதில் அப்பாவோடு கரையில் குந்தியிருந்து கூறு பிரித்த கை அது. எத்தனை பேர் போனாலும் ஒன்று கூட்டிப் போடு, படகும் ஒரு ஆள் என்பார் அவர். கூட்டுகிறோம் என்று தெரியாமலே கூட்டியிருக்கிறாள். தொட்டில் பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

"கடவுளே, இதை இண்டைக்கே கண்டுபிடிக்கவேணும்?" என்றாள். "இன்னும் மூண்டு மணித்தியாலம் இல்லை. இப்ப எனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு."

"குழம்பாதேங்கோ. ஒண்டே ஒண்டுதான். படகு எண்ட சொல்லையே மறந்திடுங்கோ. கேள்வியில இருக்கிற எண்களை மட்டும் கூட்டுங்கோ. தசமம் வந்தால் படகைக் கூட்டிப் போட்டீங்கள் எண்டு அர்த்தம், திருப்பிச் செய்யுங்கோ. விளங்கிச்சா?"

"விளங்கிச்சு."

"என்ன விளங்கிச்சு?"

"படகு இல்லை."

"படகில்லாட்டி நாளைக்குப் புட்டும் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு றெனால்ட் கிணற்றடிக்குப் போனான்.

மகள் தனக்குச் சொல்லித் தருகிற விதத்தை நினைக்க மெற்றில்டாவுக்குப் பெருமையாக இருந்தது. கணிதத்தில் ஒரு புள்ளி விடாத பிள்ளை. ஏ எடுத்துக் கணிதப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளின் நேரத்தில் பாதியைத் தான் தின்றுவிட்டோம் என்ற குற்ற உணர்வும் மெற்றில்டாவுக்கு உண்டு.

தாயும் மகளும் மன்னார் டவுனுக்கு பஸ் ஏறினார்கள். வழியில் சந்தியில் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கிற அந்தோனியாரைக் கண்டதும் மெற்றில்டா வழக்கம்போலச் சிலுவை போட்டாள். எப்படியாவது கணிதத்தில் சித்தி கிடைக்கவேண்டும் என்று கேட்டாள். இரண்டு வருசமாக அந்த இடத்தில் அவள் கேட்பது அது ஒன்றுதான். டினோஜா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கணிதத்துக்கு மன்றாடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

டினோஜாவுக்கு அவளின் பள்ளிக்கூடத்திலேயே மண்டபம். மெற்றில்டா போலப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எழுதுகிற வெளிவாரிக்காரருக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளிக்கூடத்தில். பிரியும்போது மகள் தாயின் கையைப் பிடித்து, "படகு இல்லை" என்றாள்.

"இல்லவே இல்லை" என்றாள் தாய்.

மண்டபத்தில் அவளுக்கு முன்னால் தாடி வைத்த பெடியன் ஒருவன், பக்கத்தில் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதது போல் ஒரு பெண். எல்லாருக்கும் ஒவ்வொரு கதை இருக்கும், அதைக் கேட்க எங்களுக்கு நேரமில்லை. மணி அடித்தது. மெற்றில்டா எழுதத் தொடங்கினாள்.

முதல் பகுதியின் சின்னக் கேள்விகளில் தெரிந்ததை எழுதி, தெரியாததைத் தாண்டினாள். இரண்டாம் பகுதியில் மூன்றாம் கேள்வி. பத்துப் புள்ளி. கண்ணை ஓட்டினாள்.

படகு.

 கேள்வி போட்டவனுக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா? ஒரு படகில் போன மூன்று மீனவர்கள், நூற்றறுபத்தெட்டுக் கிலோ மீன், இரண்டு, மூன்று, இரண்டு பங்கு. ஆகக் கூடிய பங்கு எவ்வளவு? மிச்சப் பகுதிகள் எல்லாம் அந்த விடையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கின. முதலாவது பிழைத்தால் பத்தும் போய்விடும்.

படகு இல்லை, படகு இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கூட்டினாள். ஏழு. பிரித்தாள். இருபத்துநான்கு. மூன்றால் பெருக்க எழுபத்திரண்டு. தசமம் வரவில்லை. ஸ்தோத்திரம் என்று பெருமூச்சு விட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அப்படியே இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

கடைசிப் பத்து நிமிசம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். மெற்றில்டா தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் கேள்வியில் கண் நின்றது. முதல் வரி முடிகிற இடத்தில், ஓரமாக, 'படகுக்கு ஒரு பங்கும்' என்று கிடந்தது. அதற்கு அடுத்த வரியில்தான் 'மூவருக்கும் முறையே இரண்டு, மூன்று, இரண்டு பங்குகளும்'.

அவள் பென்சிலை வாயில் வைத்துக் கடித்தாள். வாசிப்பது அவளின் தொழில், இருந்தும் தன் கண்ணை அவள் நம்பவில்லை. ஆறு வயதிலிருந்து மண்டைக்குள் கிடக்கிற படகு தாளில் இறங்கிவிட்டதோ? திரும்ப வாசித்தாள். இருந்தது. இன்னொரு தரம் வாசித்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எழுத்தெல்லாம் ஆடியது. எட்டால் பிரித்துப் பார்த்தாள், தசமம் வந்தால் மகள் சொன்ன மாதிரி விட்டுவிடலாம். நூற்றறுபத்தெட்டை எட்டால் பிரிக்க இருபத்தொன்று. அதிலும் தசமம் வரவில்லை! மூன்றால் பெருக்க அறுபத்துமூன்று.

எழுபத்திரண்டா, அறுபத்துமூன்றா?

மணி அடிக்கிற நேரம். மெற்றில்டா எழுபத்திரண்டை வெட்டினாள். அறுபத்துமூன்று என்று எழுதி, அதைப் பிடித்துத் தொங்கிய மிச்சத்தையும் அவசர அவசரமாக மாற்றினாள். விடையைத் தாளிலேயே எழுதவேண்டிய பத்திரம் அது. தாளோடு கேள்வியும் போய்விட்டது. அந்த வரி கண்ணில் பட்டதா, நினைப்பில் பட்டதா என்று கேட்டால், சத்தியம் பண்ண அவள் தயாரில்லை. நானும் தயாரில்லை.

மகளின் பள்ளிக்கூட வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மதிலோரம் நின்ற இரண்டு கழுதைகள் அந்தச் சத்தத்துக்கு அசையவே இல்லை. டினோஜா ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா! மூண்டாம் கேள்வியைப் பார்த்தனீங்களே? படகு எண்ட சொல்லைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உங்களைத்தான் நினைச்சன். படகை விட்டிட்டீங்கள்தானே? எழுபத்திரண்டுதானே?"

 "அறுபத்திமூண்டு" என்றாள் மெற்றில்டா.

"ஐயோ அம்மா!" டினோஜா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "விடிய விடியச் சொல்லித் தந்தது என்ன? திரும்பவும் படகைக் கூட்டிப் போட்டீங்களே! பத்துப் புள்ளி அம்மா!"

"இல்லைப் பிள்ளை. முதலில நான் எழுபத்திரண்டுதான் எழுதினனான். பேந்துதான் பார்த்தன். கேள்வியிலயே இருந்தது, படகுக்கு ஒரு பங்கும் எண்டு."

"எங்க இருந்தது?"

"முதல் வரியின்ர முடிவில. ஓரத்தில."

டினோஜாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. "அப்பிடி ஒண்டும் இருக்கேல்ல" என்றாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. "நான் வாசிச்சன். படகைக் கண்டன், சிரிச்சன், பிறகு எண்களைப் பார்த்தன்…"

"நடுவில வாசிச்சனியே?"

பிள்ளை சுற்றும்முற்றும் பார்த்தாள்.

சீவரத்தினம் சேர் சைக்கிளோடு வாசலில் நின்றார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். டினோஜா நேரே அங்கே போனாள். மெற்றில்டாவும் பின்னால் போனாள்.

"சேர், மூண்டாம் கேள்வியில படகுக்குப் பங்கு எண்டு இருந்ததே?"

"இருந்தது" என்றான் ஒருவன்.

"இல்லை, மூண்டு பேருக்குத்தான்" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு அறுபத்திமூண்டு!"

"எனக்கு எழுபத்திரண்டு!"

ஒரே சந்தையாகிவிட்டது. பாதிப் பேர் அங்காலும் பாதிப் பேர் இங்காலும் நின்று கத்தினார்கள். சேர் இரண்டு கையையும் தூக்கினார். "ஆளாளுக்கு ஒரு கேள்வி சொன்னால் நான் எதுக்கு விடை சொல்லுறது? தாள் கையில கிடைக்கிறவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன். சனிக்கிழமை வகுப்புக்கு வாங்கோ, தெரியும்." மெற்றில்டாவைக் கண்டதும் அவர், "தங்கச்சி, நீங்கள் எந்தப் பக்கம்?" என்றார்.

"எனக்கே தெரியேல்ல சேர்" என்றாள் மெற்றில்டா. பிள்ளைகள் சிரித்தார்கள். டினோஜா சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மெற்றில்டா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். நிச்சயமாகச் சரி என்று சொல்லக்கூடியவை, அரைகுறையானவை, குருட்டாம்போக்கில் எழுதியவை. இரண்டாம் பத்திரம் இனித்தான், அதில் பெரிதாக எதிர்பார்க்க ஏலாது. எப்படிக் கூட்டினாலும் அந்தப் பத்துப் புள்ளியும் வேண்டும். அது வந்தால் தப்பலாம். வராவிட்டால் நூலகச் சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

கைபேசி அடித்தது. றெனால்ட்.

"என்ன மாதிரி?"

"எங்கள் ரெண்டு பேரில ஒராள் சரி, ஒராள் பிழை."

"ஆர் சரி?"

மெற்றில்டா மகளைப் பார்த்தாள். டினோஜா மடியில் பையை அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சின்னனில் விழுந்து முழங்கால் உரசினாலும் அழாமல் இருக்கிறதுக்கு அப்படித்தான் கடிப்பாள்.

"சனிக்கிழமைதான் தெரியுமாம்" என்றாள் மெற்றில்டா. "பாரைக்குட்டியை வெட்டி வையுங்கோ. பிள்ளைக்குப் பசிக்கும்."

தான் சரி என்றால் பிள்ளை பிழை. பிள்ளை சரி என்றால் தான் பிழை. இதில் எதை விரும்புவது? காலையில் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். ஒன்பது வருசத்து வேலை. அந்த அலுமாரிகள். ஒவ்வொரு புத்தகமும் அவளின் கையால் அட்டை ஒட்டியது. அது வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு எப்படி அதைக் கேட்பது? அதுவும் பிள்ளை அந்த வரியை ஏன் தவறவிட்டாள்? தாயை நினைத்துச் சிரித்ததில். தாய்க்குப் படகை மறக்கச் சொல்லிச் சொல்லித் தானும் மறந்ததில். 

பஸ் சந்திக்கு வந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் பாலனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெற்றில்டாவின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போயிற்று. சித்தி என்று கேட்கத்தான் தொடங்கினாள், இரண்டு வருசப் பழக்கம். பாதியில் வாய் திரும்பிவிட்டது. பிள்ளையின்ர விடை சரியா இருக்கட்டும், அந்த வரி இல்லாமலே இருக்கட்டும், அந்தோனியாரே என்று கேட்டு முடித்துவிட்டாள். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே விளங்கியது. 

பக்கத்தில் பார்த்தால் டினோஜாவும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன கேட்டனீங்கள்?"

"வேறென்ன?" என்றாள் மெற்றில்டா. "எனக்குச் சித்தி வரவேணும் எண்டுதான்."

டினோஜாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"நானும் அதைத்தான் கேட்டனான்" என்றாள். "அந்த வரி இருக்கவேணும், உங்கட அறுபத்திமூண்டு சரியா வரவேணும் எண்டு. ரெண்டு பேரும் ஒண்டையே கேட்டால் அந்தோனியார் கேட்பார் என்ன அம்மா?"

 "ஓம் பிள்ளை, கேட்பார்" என்று சொல்லிவிட்டு மெற்றில்டா திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தாள். பஸ் சந்தியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. கூடு தெரியவில்லை.